கொல்லங்குடி கருப்பாயி அப்பத்தா: அடிக்கடி கேக்குற கேள்விகள்

கருப்பாயி அப்பத்தா 2025 ஜூன்ல போய்ச் சேந்தாங்க, 99 வயசு. அதுக்கப்புறம் சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்க, சிங்கப்பூர்ல இருக்குற மாப்பிள்ளைங்க, காரைக்குடியில டீ குடிக்கிற எடத்துல பாக்குறவங்கன்னு ஆளாளுக்கு ஒரே மாதிரி கேள்விய என்கிட்ட கேக்குறாங்க, ஏன்னா எங்க வட்டாரத்துல பழைய பாட்டு கேசட்டு சேத்து வச்சிருக்குற கிறுக்கன் நான் ஒருத்தன்தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்ட காஞ்சு போச்சு, அதனால மொத்தமா எழுதிட்டேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், நான் அவங்க சொந்தக்காரன் கிடையாது, நேர்ல பாத்ததும் கிடையாது. பாட்டு கேட்டு வளந்தவன், அவ்வளவுதான்.

யாருங்க அவங்க? பேரு கேட்ட மாதிரி இருக்கு, மொகம் ஞாபகம் வரல

ஆண்பாவம் படம் பாத்திருப்பீங்க, 1985, பாண்டியராஜன் எடுத்து அவரே நடிச்ச படம். அதுல அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் அப்பத்தாவா வர்றவங்க, வாயத் தொறந்தா பாட்டா வரும்ல, அவங்கதான். படத்துக்கு முன்னாடியே வானொலியில நாட்டுப்புறப் பாட்டு பாடிட்டு இருந்தவங்க. 1993ல கலைமாமணி குடுத்தாங்க. மொகம் தெரியாதவங்க கூட அந்தக் குரலக் கேட்டா "அட நம்ம கெழவி" அப்டின்னுருவாங்க. அது கத்துக்கிட்ட குரல் இல்ல, வெயில்ல நின்னு தூரத்து வயல்ல இருக்குறவளக் கூப்புட்டுப் பழகுன குரல்.

கொல்லங்குடி செட்டிநாட்டுல வருமா வராதா?

இத ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில ஆரம்பிச்சு பாயசம் வர்ற வரைக்கும் சண்ட போட்டுருக்கோம். கறாரா பாத்தா செட்டிநாடுன்னா நகரத்தாருங்கற நாட்டுக்கோட்டைச் செட்டியாருங்க ஊருங்க, காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், கானாடுகாத்தான், இப்படி எழுபத்து சொச்சம் ஊரு, சிவகங்கை புதுக்கோட்டை ரெண்டு மாவட்டத்துலயும் பரந்து கெடக்கு. கொல்லங்குடி சிவகங்கையிலேருந்து தொண்டி போற ரோட்டுல காளையார்கோயிலுக்கு முன்னாடி வரும். அந்தக் கணக்குல பாத்தா ஓரம்தான்.

ஆனா எனக்கு இந்தக் கணக்குல நம்பிக்க இல்ல. பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் போட்ட வீட்ட எல்லாரும் போட்டோ எடுக்குறாங்க. அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு சொமந்தவ, அந்தக் குடும்பத்து நெலத்துல நாத்து நட்டவ, ஆச்சி (செட்டியார் வீட்டம்மா) வீட்டு முத்தத்துல நெல்லு காயப்போட்டவ எல்லாம் சுத்துப்பட்டுக் கிராமத்துலேருந்து வந்தவங்க, வேலை செய்யுறப்போ பாடுனதும் அவங்கதான். ஆச்சிமாருகிட்டயும் பாட்டு இருந்துச்சு, இல்லன்னு சொல்லல, கொண்டு விக்க, அதாவது கடல் தாண்டி யாவாரத்துக்கு, போன புருசன் கப்பல்ல திரும்பி வர்றத வச்சு கட்டுன தாலாட்டெல்லாம் இருக்கு. பாட்டு வளவுக்குள்ளயும் (அந்த வீட்டு உள்முத்தம்) இருந்துச்சு, வயல்லயும் இருந்துச்சு, நடுவுல ஒரு திண்ணைதான்.

இன்னொண்ணு. கொல்லங்குடின்னா இந்தப் பக்கம் எல்லாருக்கும் மொதல்ல ஞாபகம் வர்றது வெட்டுடையார் காளி. நியாயம் கெடைக்கலன்னா அங்க போயி காசு வெட்டிப் போடுவாங்க. 1772ல காளையார்கோயில்ல சிவகங்கை ராசா முத்துவடுகநாதர் சாஞ்சதுக்கப்புறம் அவரு ராணி வேலுநாச்சியார் போன வழியக் காட்டிக்குடுக்க மாட்டேன்னு நின்னு தலையக் குடுத்த உடையாள்ங்கற பொண்ணோட கதையையும் அந்தக் கோயிலோட சேத்துத்தான் ஊர்ல சொல்லுவாங்க. ஒரு பொம்பளப்புள்ளய 250 வருசமா மறக்காம வச்சிருக்குற ஊரு அது, அதனால கருப்பாயி அப்பத்தாவ ஊரு மறந்துருமோன்னு எனக்கு பெருசா பயம் இல்ல.

அவங்க மொத்தம் எத்தன பாட்டு எழுதியிருக்காங்க? லிஸ்ட் இருக்கா?

"எழுதுன" அப்டிங்கற வார்த்தைய மொதல்ல எடுத்துருங்க. நாங்க பாட்டு *கட்டுறது*ன்னுதான் சொல்லுவோம். பூ கட்டுற மாதிரி, கூர கட்டுற மாதிரி. கையில கெடக்குறத வச்சு அந்த நேரத்துக்குக் கட்டுறது. நாத்து நடுற எடத்துல ஒரு கட்டு, களையெடுக்குறப்போ ஒண்ணு, புள்ள அழுதா ஒண்ணு, முளைப்பாரி தூக்குறப்போ ஒண்ணு, கேத வீட்ல ஒண்ணு. எண்ணிக்க கேட்டா, இன்னிக்கு வரைக்கும் எத்தன தடவ கோலம் போட்டிருக்கேன்னு உங்க அம்மாகிட்ட கேக்குற மாதிரி.

சரி, ஆனா அந்தப் பாட்டுக்கு ஒரிஜினல் வரி எது? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே

எனக்கு வர்ற கேள்வில பாதி இதுதான். ஒருத்தர் ரெண்டு வீடியோ அனுப்பி "இதுல மூணாவது வரி வேற, அதுல வேற, எது கரெக்ட்" அப்டின்னாரு. ரெண்டும் கரெக்ட். இத வெளக்குறதுக்கு அப்பத்தா பாட்டத் தொடல, எங்க பெரியம்மா கட்டுனத வச்சே சொல்றேன்.

பெரியம்மாவுக்கு 78 வயசு, காளையார்கோயில் பக்கம் வாக்கப்பட்டவங்க, இன்னும் வெத்தல போடுவாங்க. எங்க பெரியப்பா எறந்தப்போ அவங்க பாடுனதுல ரெண்டு வரி இது:

*காளையாகோயில் ரோட்டோரம் காத்து வந்து நிக்குதய்யா*
*காத்துக்கிட்ட கேட்டுப்பாத்தேன் கண்டதில்ல உம்மையின்னு*

ரெண்டு வருசம் கழிச்சு தேவகோட்டைப் பக்கம் ஒரு கேதத்துக்குப் போனோம், செத்தது அவங்க சின்னத்தா மக. அங்க போயி கூட்டத்துல உக்காந்து இதே மெட்டுல:

*தேவகோட்டை ரோட்டோரம் தேரு வந்து நிக்குதம்மா*
*தேருக்குள்ள தேடிப்பாத்தேன் தெரியலயே உன் மொகந்தான்*

பாருங்க, ஊரு மாறுனதும் காத்து போயி தேரு வந்துருச்சு. ஏன்னா "கா"வுக்கு "கா" வேணும், "தே"வுக்கு "தே" வேணும், மோனை இல்லாம நாக்கு ஓடாது. காத்து தேரானதும் அர்த்தமே வேற ஆயிருச்சு. மொதப் பாட்டுல காத்துக்குக் கூடத் தெரியாத எடத்துக்குப் போன மனுசன், ரெண்டாவதுல ஊரே கூடி இழுக்குற தேருல ஒருத்தி மட்டும் இல்ல. அந்த அம்மா திருவிழாவுக்கு ஆசப்பட்டவங்க வேற, அங்க இருந்த எல்லாரும் ஓன்னு அழுதுட்டாங்க. பெரியம்மா இத ராத்திரி உக்காந்து யோசிக்கல, வேன்ல வர்ற வழியில கூட யோசிக்கல, வேன்ல தூங்கிட்டுத்தான் வந்தாங்க, எனக்குத் தெரியும், என் தோள்மேலதான் தூங்குனாங்க.

இப்போ சொல்லுங்க, இதுல ஒரிஜினல் எது? காத்தா தேரா? அன்னிக்குக் கட்டுனது அன்னிக்கு ஒரிஜினல், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. கேசட்ல, படத்துல, வானொலியில நம்மகிட்ட மிஞ்சியிருக்குறது எல்லாம் ஒருநாள் பாடுனதோட ஒரு பதிவு. அந்தப் பதிவே பாட்டுன்னு நெனச்சுக்கிட்டு ஒரு வரி மாறிப் பாடுனா "தப்பாப் பாடுறா" அப்டின்னு கமெண்ட் போடுறவங்களப் பாத்தா எனக்கு சுள்ளுன்னு வரும்.

படத்துல வந்தது நாட்டுப்பாட்டா, இளையராஜா பாட்டா?

படத்துக்கு இசை இளையராஜா. அவரு மெட்டு போட்ட பாட்டுங்க தனி, அப்பத்தா பாடுறது தனி, கேட்டாலே தெரியும். அப்பத்தா பாடுறப்போ அவங்க தொண்டதான் முன்னால நிக்குது. எப்ப எதப் போடாம விடணும்னு தெரிஞ்ச மனுசன், அதுக்கு ஒரு கும்பிடு.

ஒப்பாரிய வீட்ல போட்டுக் கேக்கலாமா? மாமியார் திட்டுறாங்க

திட்டத்தான் செய்வாங்க. எங்க பெரியம்மா கிட்ட ஒரு தடவ சாயங்காலமா போனத் தூக்கிட்டுப் போயி "பெரியம்மா அந்த ஒப்பாரிய இன்னொரு தடவ பாடுங்க, ரெக்கார்டு பண்ணிக்கிறேன்" அப்டின்னேன். வந்துச்சே கோவம், "ஏண்டா, வெளக்கு வக்கிற நேரத்துல, தலவாசல்ல உக்காந்து, யாரு சாகணும்ங்குற?" மறுநாள் காலையில அவங்களா கூப்புட்டு "வா" அப்டின்னு கம்மாக்கரைக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு கருவேல மரத்தடியில உக்காந்து ஒரு மணி நேரம் பாடுனாங்க. முடிச்சுட்டு கம்மாயில மொகத்தக் கழுவிக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள வந்தாங்க. சம்பிரதாயம் அப்படி, ஒப்பாரி பாட்டுக்கு ஒரு எடம் இருக்கு, வீட்டுக்குள்ள சும்மா பாடக்கூடாது. உங்களுக்கு அதுல நம்பிக்க இல்லன்னா ஹெட்போன் போட்டுக்கங்க, மாமியாருக்கும் நிம்மதி.

ஆனா ஒப்பாரிய வெறும் அழுகப்பாட்டுன்னு நெனச்சுராதீங்க. தோளோட தோள் கட்டிப்புடிச்சு வட்டமா உக்காந்து, ஒருத்தி எடுத்துக்குடுக்க மத்தவங்க கடைசிய இழுக்க, நடுவுல எல்லாக் கணக்கும் தீக்கப்படும். செத்தவருக்குப் பாடுறது பாதி, எதுத்தாப்புல உக்காந்திருக்குற நாத்தனாளுக்கும் அண்ணம்பொண்டாட்டிக்கும் பாடுறது மீதி. "அண்ணன் செத்ததும் பொறந்த வீட்டுக் கதவு சாத்திக்கிருச்சு" அப்டின்னு தங்கச்சி மெட்டுப் போட்டுச் சொன்னா யாரும் எழுந்து எதுத்துப் பேச முடியாது. சும்மா பேச்சுல சொல்லியிருந்தா வெட்டுக்குத்து.

இவங்க மாதிரி வேற யாரெல்லாம்?

பரவை முனியம்மாவ எல்லாருக்கும் தெரியும், மதுரை பக்கத்துப் பரவை, 2020 மார்ச் 29ல போனாங்க, ஊரடங்கு நேரம், ஆசப்பட்டவங்க போயி ஒரு மாலை போட முடியல, அந்த வருத்தம் நெறைய பேருக்கு இன்னும் இருக்கு.

நம்ம மாவட்டத்துக்காரருன்னா கே.ஏ.குணசேகரனச் சொல்லாம விட முடியாது. இளையான்குடி பக்கம் மாரந்தை. நாட்டுப்புறப் பாட்ட மேடைக்கும் கொண்டு வந்தாரு, அதப்பத்தி ஆராய்ச்சியும் பண்ணாரு, புதுச்சேரி பல்கலைக்கழகத்துல நாடகத்துறைப் பேராசிரியரா இருந்தாரு, ஊர்ல தலித்தா பொறந்து பட்டத எல்லாம் தன்வரலாறா எழுதுனாரு. கீழக்கரைக்காரரு கவிஞர் இன்குலாப் எழுதுன பாட்ட அவரு பாடிக் கேக்கணும், மயிர்க்கூச்செறியும். 2016 ஜனவரி 17ல குணசேகரன் போனாரு, அதே வருசம் டிசம்பர் 1ல இன்குலாப் போனாரு. பாடுன வாயும் எழுதுன கையும் ஒரே வருசத்துல.

இங்க ஒரு வித்தியாசம் கவனிங்க. இன்குலாப் பாட்டுக்கு எழுதுன வரி இருக்கு, மாத்தக்கூடாது, மாத்துனா அது அவருக்குச் செய்யுற துரோகம். அப்பத்தா பாட்டுக்கு அப்படி இல்ல. ரெண்டையும் "நாட்டுப்புறப் பாட்டு"ங்கற ஒரே கோணிக்குள்ள போட்டுக் கட்டுறதுலதான் பாதிக் கொழப்பம்.

வீட்ல பழைய கேசட் கெடக்கு, ஓடுமான்னு தெரியல. என்ன பண்ண?

மொதல்ல ஓட்டிப் பாக்காதீங்க! எடுத்து வெளிச்சத்துல காட்டிப் பாருங்க. டேப் சுருள் மேல வெள்ளையா பூத்த மாதிரி இருந்தா பூஞ்ச, அத அப்படியே பிளேயர்ல போட்டா ஹெட்டுல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போயிரும், அதத் தனியா எடுத்து வச்சிருங்க, தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து சுத்தம் பண்ணணும். பூஞ்ச இல்லன்னா பின்பக்கம் ரெண்டு மூலையில சின்னதா பிளாஸ்டிக் நாக்கு இருக்கும் பாருங்க, ரெண்டையும் ஸ்குரூடிரைவரால ஒடச்சு விட்டுருங்க, அது இல்லன்னா மேல ரெக்கார்டு ஆகாது. இந்த ரெண்டு நாக்க ஒடைக்காததாலதான் எங்க சொந்த அப்பத்தா பாடுன ஒரு கேசட்டுக்கு மேல எங்க சித்தப்பா கிரிக்கெட் கமெண்ட்ரிய ரெக்கார்டு பண்ணிட்டாரு. நடவுப்பாட்டு போயிட்டு இருக்கும், திடீர்னு ஸ்ரீகாந்த் நாலு அடிப்பாரு. சித்தப்பா மேல இன்னும் கோவம் போகல, அவருக்கு வயசு 70.

அப்புறம் ஒரு தடவ கடைசி வரைக்கும் சுத்தி திருப்பியும் சுத்துங்க, வருசக்கணக்கா ஒட்டிக் கெடந்த டேப் தளரும். பிளேயர் ஹெட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால தொடைங்க, பழுப்பா அழுக்கு வரும், அது வர்றது நிக்கிற வரைக்கும் தொடைங்க. பிளேயரோட லைன் அவுட்லேருந்து கம்ப்யூட்டருக்கு வயர் போட்டு ஆடாசிட்டி மாதிரி ஒரு இலவச சாஃப்ட்வேர்ல ஏத்துங்க, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைலா. 60 நிமிசக் கேசட் முழுசும் ஏத்துனா 1 ஜிபி பக்கம் வரும், எடம் பத்தலன்னு எம்பி3யா மட்டும் வச்சிராதீங்க. எம்பி3 அனுப்புறதுக்கு, வேவ் வச்சுக்கிறதுக்கு. இரைச்சல எடுக்குறேன்னு ஃபில்டர் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், தேச்சா குரல்ல இருக்குற கரகரப்பும் சேந்து போயிரும், அந்தக் கரகரப்புக்குத்தான் நாம இம்புட்டு மெனக்கெடுறோம்.

வேல முடிஞ்சதும் கேசட்டத் தூக்கிப் போடாதீங்க. நான் மொத தடவ ஒரு கடையில மூணு கேசட்டக் குடுத்து பென்டிரைவ்ல வாங்குனேன், கேசட் எங்கன்னு கேட்டா "அது எதுக்கு சார், அதான் ஏத்தியாச்சுல்ல" அப்டின்னு குப்பையில போட்டுட்டான். வீட்ல வந்து கேட்டா ஒரு கேசட்ல ஒரு பக்கம் மட்டும்தான் ஏத்தியிருக்கான். மறுபக்கம் போச்சு, என்ன இருந்துச்சுன்னு கூடத் தெரியாது. அதுலேருந்து நானே ஏத்துறேன்.

வீட்ல இருக்குற பாட்டிய ரெக்கார்டு பண்ணணும், எப்படி?

மைக் எல்லாம் வேண்டாம், போன் போதும். ஏரோபிளேன் மோடு போடுங்க, ஃபேன நிறுத்துங்க, ஃபிரிட்ஜ் பக்கம் உக்காராதீங்க, போன கையில புடிக்காம ஒரு துண்ட மடிச்சு அதுமேல வைங்க, ஒரு மொழம் ரெண்டு மொழம் தள்ளி. ஆரம்பத்துல உங்க வாயால அவங்க பேரு, ஊரு, பொறந்த ஊரு, தேதி சொல்லுங்க. இத ரொம்ப முக்கியம்னு சொல்லுவேன், ஏன்னா ஃபைல் பேரு மாறிரும், குரல்ல சொன்னது மாறாது. பாட்டச் சேகரிச்சவருக்குப் புத்தகத்துல பெரிய எழுத்துல பேரு வந்து, பாடுன பொம்பளைக்கு "ஒரு மூதாட்டி"ன்னு போட்ட கதையெல்லாம் போதும்.

"பாடுங்க"ன்னு சொல்லாதீங்க, வராது. வேல குடுங்க. உளுந்து பொடைக்கச் சொல்லுங்க, பூ கட்டச் சொல்லுங்க, கொள்ளுப்பேரன மடியில குடுங்க. கை ஓடுனா வாய் ஓடும். நடுவுல நிறுத்தி "இந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன"ன்னு கேக்காதீங்க, முடிஞ்சதும் கேளுங்க. கோழி கத்துனா, பக்கத்து வீட்டுக்காரி வந்து கூடச் சேந்துக்கிட்டா நல்லது, கெடுதல் இல்ல.

வாட்ஸப்ல அனுப்புறப்போ டாக்குமெண்ட்டா அனுப்புங்க. வாய்ஸ் மெசேஜா பண்ணா அமுக்கிரும்.

யூடியூப்ல போட்டா காப்பிரைட் வருமா?

நான் வக்கீல் இல்ல, தெரிஞ்சத சொல்றேன். 1957 காப்பிரைட் சட்டப்படி ஒரு ஒலிப்பதிவுக்கு அது வெளிவந்ததுலேருந்து 60 வருசம் உரிம உண்டு. அப்டின்னா 1985ல வந்த படப்பாட்டோட பதிவு 2045 முடியுற வரைக்கும் யாரோ ஒருத்தருக்குச் சொந்தம், அத எடுத்து உங்க சேனல்ல போட்டா ஸ்ட்ரைக் வரத்தான் செய்யும், "அஞ்சலி"ன்னு தலைப்பு வச்சாலும் வரும். தலைமுறை தலைமுறையா வந்த மெட்டும் வரியும் யாருக்கும் தனிச் சொத்து இல்ல, அத நீங்க உங்க குரல்ல பாடுங்க, யாரும் கேக்க முடியாது. எழுதுனவரு யாருன்னு தெரிஞ்ச பாட்டுன்னா அவரு காலத்துக்கு அப்புறமும் 60 வருசம்.

எல்லாரும் மறக்குற ஒண்ணு இருக்கு, பாடுறவங்களுக்கும் ஒரு உரிம உண்டு, 50 வருசம். உங்க பாட்டியவே ரெக்கார்டு பண்ணாலும் "இத ஊரு ஒலகம் கேக்குற மாதிரி போடப்போறேன், சரியா"ன்னு கேட்டுட்டுப் போடுங்க. எங்க பெரியம்மா தாலாட்டு போடலாம்னுட்டாங்க, ஒப்பாரி கூடாதுன்னுட்டாங்க. அது ஹார்டுடிஸ்க்ல பூட்டிக் கெடக்கு, யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன்.

டிஜே பீட் போட்டு ரீமிக்ஸ் பண்றாங்களே, தப்பில்லயா?

கட்டுறவங்க மாத்திக் கட்டலாம்னு நாந்தானே மேல சொன்னேன், இப்போ வந்து தப்புன்னா எப்படி. ஆனா அப்பத்தா குரல அறுத்து அறுத்து ஒரே வார்த்தைய இருவது தடவ அடிக்கிறது மாத்திக் கட்டுறது இல்ல. நீங்களே பாடி பீட் போடுங்க, கேக்குறேன்.

சேத்து வச்சத எங்க குடுக்குறது?

நம்ம ஊருக்காரரு ஒருத்தரு வழி காட்டிட்டுப் போயிருக்காரு. கோட்டையூர் ரோஜா முத்தையா. போர்டு எழுதுற ஓவியரு, பழைய புத்தகம், பாட்டுப் புத்தகம், நோட்டீசு, பத்திரிகன்னு வாழ்நாள் பூரா வாங்கி வாங்கி வீட்ட நெறச்சாரு. 1992ல அவரு போனதுக்கப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அத வாங்கி, வெளிநாட்டுக்குத் தூக்கிட்டுப் போகாம, 1994ல சென்னையிலயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆக்குச்சு, இப்போ தரமணியில இருக்கு. காலணா பாட்டுப் புத்தகத்த எல்லாம் ஆளுங்க எடைக்குப் போட்டுட்டு இருந்த காலத்துல ஒரு மனுசன் அத வச்சுக் காப்பாத்துனாருன்னு நெனச்சுப் பாருங்க. பதிவோட ஒரு காப்பி அந்த மாதிரி எடத்துல கேட்டுக் குடுங்க, ஒரு காப்பி உங்க வீட்ல, ஒண்ணு வேற ஊர்ல இருக்குற சொந்தக்காரங்க வீட்ல.

நினைவு நாளுக்கு ஃபிளக்ஸ் வைக்கலாமா? மணிமண்டபம் கேக்கலாமா?

ஃபிளக்ஸ்ல அப்பத்தா படம் தபால்தல சைசு, வச்சவங்க படம் வாசக்கதவு சைசு. வேணாம்.

மணிமண்டபம் கேக்குறது உங்க இஷ்டம். சிறுகூடல்பட்டிக்காரரு கண்ணதாசனுக்கு காரைக்குடியில இருக்கு, அவரு உசுரு போனது 1981ல சிகாகோவுல, மண்டபம் இங்க. (சிகாகோவுக்கும் செட்டிநாட்டுக்கும் என்ன பூர்வஜென்ம பந்தமோ.) மண்டபம் கட்டுனா திறக்குற நேரம் மூடுற நேரம் இருக்கும். அதவிட கொல்லங்குடி பக்கம் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுல ஒரு புள்ளைய சினிமா டான்ஸுக்குப் பதிலா அதோட சொந்த அப்பத்தா பாடுன பாட்ட பாடச் சொன்னா எனக்குச் சந்தோசம்.

குலவை விட வரல, கத்துக்கலாமா?

நாக்க வெளிய நீட்டாம உள்ளுக்குள்ளயே பக்கவாட்டுல ஆட்டணும். மொதல்ல பாத்ரூம்ல கதவ சாத்திக்கிட்டுப் பழகுங்க. முளைப்பாரிக்குள்ள வந்துரும்.

செய்தி கேட்ட அன்னிக்கு நீங்க என்ன பண்ணீங்க?

சனிக்கிழம. போன்ல குரூப் பூராவும் பூவும் மெழுகுவத்தியும் ஸ்டிக்கரா வந்து விழுந்துச்சு. எனக்கு ஒண்ணும் ஓடல, வண்டிய எடுத்துக்கிட்டு பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டேன். அவங்க திண்ணையில உக்காந்து வெஞ்சனத்துக்கு சின்ன வெங்காயம் உரிச்சுட்டு இருந்தாங்க. சொன்னேன். "ஆரு, அந்தப் படத்துல பாடுமே, அவுகளா" அப்டின்னாங்க. "ஆமா." "எம்புட்டு வயசு?" "99." "ஒண்ணு கொறயுதே" அப்டின்னுட்டு வெங்காயத்த உரிச்சுக்கிட்டே இருந்தாங்க. கண்ணுல தண்ணி, வெங்காயமா என்னன்னு தெரியல.

கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா, எனக்குப் பாடல, வெங்காயத்துக்குப் பாடுற மாதிரி, ஒண்ணு எடுத்தாங்க. கொல்லங்குடி கம்மாயில கொக்குன்னு ஆரம்பிச்சுச்சு. நாலு வரி இருக்கும். நான் வாயப் பொளந்து கேட்டுட்டு இருந்தேன், போன் பாக்கெட்லயே இருக்கு. முடிஞ்சதும்தான் சுருக்குன்னுச்சு, எடுத்து ஆன் பண்ணி "பெரியம்மா, பெரியம்மா, அத இன்னொரு தடவ" அப்டின்னேன்.

"அது போச்சுடா. வேற வேணும்னா சொல்லு, கட்டுறேன்."